பூஜ்யத்துக்குக் கீழே ஈரம்

எங்கள் வீட்டுக்கு மேட்டு வீடு என்று பெயர். மற்றவர்கள் வீடு கட்ட இடம் தேடி அலைந்த காலத்தில் எங்கள் அப்பா இடத்தையே கட்டினார். சரிவாகக் கிடந்த நிலத்தில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, அடுக்கடுக்காக இடித்து இறுக்கி, மூன்று ஆள் உயரத்துக்கு மேடாக்கி, அதன் உச்சியில் வீட்டைத் தூக்கி வைத்தார். அதனால் யார் வீட்டையும் நாங்கள் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கழுத்து வலித்தால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

அப்பேர்ப்பட்ட மேட்டின் மேல் நகராட்சிப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இந்தப் பொறியாளரை ஊரில் யாரும் பெயர் சொல்வதில்லை. ஆகட்டும் என்றுதான் சொல்வார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று போய்ச் சொன்னாலும் 'ஆகட்டும்' என்பார், எரிகிறது என்று சொன்னாலும் 'ஆகட்டும்' என்பார். இரண்டுக்கும் பிறகு விளக்கு அதன் இஷ்டப்படி நடந்துகொள்ளும். அவர் எங்கள் முன்னறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஐயா, மேட்டுக்குள்ள தண்ணி நிக்குதோன்னு ஒரு சந்தேகம்."

"எங்க மேட்டுக்குள்ளயா?"

"எந்த மேடா இருந்தாலும் ஐயா..."

"எந்த மேடா இருந்தாலும்னு சொல்லாதீங்க. இது எங்க அப்பா போட்ட மேடு."

"ஆகட்டும் ஐயா. உங்க அப்பா போட்ட மேட்டுக்குள்ள தண்ணி நிக்குதோன்னு ஒரு சந்தேகம்."

விஷயம் இவ்வளவுதான். மேட்டின் விளிம்பில், கட்டைச்சுவர் ஓரமாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. சரிவின் வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது. என் வயதில் எனக்கும்தான் தள்ளியிருக்கிறது. அதற்காக யாரும் என்னை இடிக்க வரவில்லை. மண் உள்ளுக்குள் தண்ணீர் குடித்துக் கனத்துப்போயிருந்தால் அடுத்த பெருமழையில் சரிந்துவிடும் என்றார் ஆகட்டும். அப்படியானால் மேட்டைக் குறைக்க வேண்டும், வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்கும் முன்னால் அடிவாரத்துக் கொட்டகையில் யாரும் குடியிருக்கக் கூடாது. உள்ளே காய்ந்திருந்தால் விரிசலைப் பூசிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

கொட்டகை என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் தேநீரைப் பார்த்தார். அந்த மரியாதை அவரிடம் உண்டு.

அந்தக் கொட்டகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காரை நிறுத்துவதற்காக அப்பா கட்டியது. மேட்டின் சரிவோடு முதுகை ஒட்டிக்கொண்டு, பின்பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்தபடி இருக்கும். முன்வாசல் வழியாக வருகிற விருந்தாளிகள் கண்ணில் படாது. அதில்தான் என் ஒரே மகளும் மாப்பிள்ளையும் இருந்தார்கள்.

என் மகள் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். வங்கியின் ஏசி பழுதானபோது அதைச் சரிசெய்ய ஒருவர் வந்தார். ஏசி சரியாகிவிட்டது. மற்றதெல்லாம் கெட்டுப்போயிற்று. திருமணத்தை நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் நடந்திருக்கும், அந்தத் தோல்வி ஊருக்குத் தெரிந்திருக்கும். ஆகவே உறவினர்களிடம், மாப்பிள்ளை குளிர்பதனத் துறையில் பொறியாளர், வெளிநாட்டில் இருக்கிறார், மகளும் கூடப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். துறை சரிதான். நாடுதான் கொஞ்சம் முன்னே பின்னே. மேட்டு வீட்டின் கணக்கில் மூன்று ஆள் உயரம் கீழே இருப்பதும் வெளிநாடுதான்.

மகள், "அப்பா மனசு எப்படியோ அப்படி" என்று தன் அம்மாவிடம் சொன்னாளாம். ஒருமுறை மட்டும் மேலே வந்து, "அப்பா, படுக்கைப் பக்கத்துச் சுவர் வேர்க்குது. கை வச்சா நனையுது" என்றாள்.

"ஏசிக்காரர் வீட்டுச் சுவர் வேர்க்காம என்ன பண்ணும்? நாள் பூரா அங்க ஏசியை ஓட்டிப் பார்த்துட்டே இருந்தா சுவருக்குக் குளிராதா?" என்றேன். அவள் இறங்கிப் போய்விட்டாள். எனக்கும் அந்தப் பதில் திருப்தியாகவே இருந்தது.

மாப்பிள்ளையிடம் நான் நேராகப் பேசுவதில்லை. கட்டைச்சுவர் ஓரம் நின்று காற்றிடம் சொல்வேன். "ராத்திரி பத்து மணிக்குமேல சுத்தியல் சத்தம் கேட்டா அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?" என்பேன். காற்று அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கீழிருந்து "சரிங்க மாமா" என்று குரல் வரும். நான் அது காதில் விழாதவன்போல் உள்ளே வந்துவிடுவேன்.

இப்போது ஆகட்டும் கேட்டதற்கு வருகிறேன். நாலைந்து இடத்தில் ஆழமாகத் துளை போட்டு மண்ணை எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

"எங்க அப்பா போட்ட மேட்டுல யாரும் கடப்பாரை வைக்கக் கூடாது. பிணம் புதைச்சிருக்கான்னு தேடற மாதிரி இருக்கும்" என்றேன்.

"ஆகட்டும் ஐயா" என்று எழுந்து போய்விட்டார்.

என் மனைவி சும்மா இருக்கவில்லை. என் தங்கை வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். தங்கையின் மகள் மண்ணைப் படித்தவள். மனிதர்களைப் படிப்பவர்களும் உண்டு, வானத்தைப் படிப்பவர்களும் உண்டு. இவள் காலுக்குக் கீழே கிடப்பதைப் படித்து, அதற்கு ஒரு பட்டமும் வாங்கி, ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறாள். போனை என்னிடம் கொடுத்தார்கள்.

"மாமா, தோண்டவே வேணாம். ரெண்டே ரெண்டு குழாய். விரல் தடிமன்தான் இருக்கும். மேலே ஒண்ணு, கீழே சரிவுல ஒண்ணு."

"குழாயில என்ன ஊத்தப் போறே?"

"எதுவும் ஊத்தலை. மேல் குழாய்ல ரெண்டு வாயுவைக் கொஞ்சம் விடுவேன். கீழ்க் குழாய்ல பம்ப் வச்சு உறிஞ்சுவேன். மண்ணுக்கு நடுவுல இருக்கற சந்து பொந்தெல்லாம் நுழைஞ்சு அதுங்க கீழே வந்து சேரும். எது எப்போ வருதுன்னு பார்த்தா உள்ளே எவ்வளவு தண்ணின்னு தெரிஞ்சிடும்."

"காத்து வந்து சொல்லுமா, உள்ளே தண்ணி இருக்குன்னு?"

அவள் சிரித்தாள். "உங்களையும் அத்தையையும் கடைத்தெருவுக்கு அனுப்பறேன்னு வச்சுக்கோங்க மாமா. நீங்க யார் முகத்தையும் பார்க்காம விறுவிறுன்னு போய்ச் சேர்ந்துடுவீங்க. அது ஹீலியம். தண்ணியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அத்தை வழியில தெரிஞ்ச வீடெல்லாம் நுழைஞ்சு, உட்கார்ந்து, பேசிட்டு வருவாங்க. அது ரெண்டாவது வாயு. தண்ணியைக் கண்டா உள்ளே கரைஞ்சு உட்கார்ந்துக்கும், அப்புறம் எழுந்து வரும். வழியில எவ்வளவு வீடு இருக்கோ அவ்வளவு தாமதம். தாமதத்தை வச்சுத் தண்ணியைக் கணக்குப் போட்டுடலாம். துளை போட்டா அந்த ஒரு பிடி மண்ணோட கதைதான் தெரியும். இது ரெண்டு குழாய்க்கும் நடுவுல இருக்கற மொத்த மேட்டோட கதையையும் சொல்லும்."

இரண்டாவது வாயுவின் பெயரையும் சொன்னாள். அது ஒரு ரயில் நீளம் இருந்தது. நான் கடைசிப் பெட்டி வரும்வரை காத்திருக்கவில்லை. என்னை ஹீலியம் என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மேலே போகிற பொருள். சம்மதித்தேன்.

அவள் வருகிறாள் என்று முடிவானதும் கொட்டகைக்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருக்கிற மகள் துணி உலர்த்திக்கொண்டு நின்றால் நன்றாக இருக்காது. கட்டைச்சுவர் ஓரம் போய் நின்றேன்.

"நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. சந்துப் பக்கம் யாரும் நடமாட வேணாம். முக்கியமா, அந்த மெஷின் கடகடன்னு கத்தக் கூடாது."

கீழிருந்து மாப்பிள்ளை தலையை நீட்டினார். "மாமா, அந்த மெஷின்தான் ஏசியில இருக்கற கேஸைத் திரும்ப சிலிண்டர்ல பிடிக்கும். நாளைக்கு ஒரு ஆபீஸ் ஏசி அவசரமாக் கொடுக்கணும். மெஷின் போடலைன்னா..."

"சத்தம் வரக் கூடாது" என்று காற்றிடம் சொன்னேன்.

"சரிங்க மாமா" என்றது காற்று.

மறுநாள் தங்கை மகள், முறைக்கு என் மருமகள், ஒரு வேனில் வந்து இறங்கினாள். கூடவே சூட்கேஸ் அளவில் ஒரு கருவிப் பெட்டி, குழாய்கள், ஒரு பம்ப், குட்டிக் குட்டியாக இரண்டு சிலிண்டர். அந்தப் பெட்டியை அவள் குழந்தையைப்போல் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நிலையத்துக்கே அது ஒன்றுதானாம். சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட்டால் மழைக்காலம் முடிந்துதான் மறுபடி கைக்கு வருமாம். ஆகட்டும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேட்டின் மானம் விசாரிக்கப்படுகிற நாள் என்பதால் நானும் இஸ்திரி போட்டதை எடுத்து உடுத்தியிருந்தேன்.

"அக்கா எப்படி இருக்கா மாமா? எந்த ஊர்ல இருக்கா இப்போ?" என்று கேட்டாள் மருமகள், குழாயை மண்ணில் இறக்கிக்கொண்டே.

"கொஞ்சம் கீழ்ப்பக்கம்" என்றேன்.

ஆகட்டும் இருமினார்.

மேல் குழாய் எங்கள் வாசல் ஓரம் இறங்கியது. கீழ்க் குழாயை, சரிவின் பாதி உயரத்துக்கும் கீழே, கொட்டகைக் கூரைக்குச் சற்று மேலாக இறக்கினாள். அங்கிருந்து ஒரு ரப்பர் குழாயை மேலே இழுத்து வந்து பம்பிலும் பெட்டியிலும் மாட்டினாள். எதையும் விடுவதற்கு முன்னால் சும்மா உறிஞ்சிப் பார்த்தாள். பெட்டியின் திரையில் ஒரு சிவப்புக் கோடு, ஒரு நீலக் கோடு. இரண்டும் தரையோடு படுத்திருந்தன.

"சிவப்பு ஹீலியம். நீலம் அத்தை. இப்போ ரெண்டும் இல்லை, மேடு சுத்தமா இருக்கு" என்றாள்.

"எங்க மேடு எப்பவும் சுத்தம்தான்" என்றேன்.

மேல் குழாயில் இரண்டு வாயுவையும் ஒன்றாக விட்டாள். பம்ப் மெல்ல முனகியது. நாங்கள் நாற்காலி போட்டு, யாரோ தூரத்திலிருந்து வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்தோம். ஆகட்டும் என் அப்பாவைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். மூன்றாவது சொல்வதற்குள் திரையில் நீலக் கோடு எழுந்தது.

மருமகள் நிமிர்ந்தாள். சிவப்புக் கோடு அசையவே இல்லை. நீலம் மட்டும் விடுவிடுவென்று ஏறியது. நெடுநேரம் கழித்துத்தான் சிவப்பு சோம்பலாகத் தலையைத் தூக்கியது. அவள் கணக்குப் போட்டாள். அழித்தாள். மறுபடி போட்டாள்.

"மாமா, கணக்குப்படி மேட்டுல ஈரம் பூஜ்யத்துக்குக் கீழே வருது."

"அப்படின்னா?"

"அப்படி ஒண்ணு கிடையாது மாமா."

"எங்க அப்பா போட்ட மேட்டுல இருக்கு."

ஆகட்டும் முகம் மலர்ந்தார். மேட்டைக் குறைக்கிற வேலை, ஆட்களைக் காலி செய்யச் சொல்கிற சங்கடம், எல்லாம் அவர் தலையிலிருந்து இறங்கிவிட்டன. "பூஜ்யம்னாலே நல்லது. அதுக்கும் கீழேன்னா ரொம்ப நல்லதுதானே? காய்ஞ்சு கிடக்குன்னே முடிச்சிடலாம் ஐயா."

நான் அடக்கமாகத் தலையசைத்தேன். சாதாரணக் குடும்பத்து மண் காய்ந்திருக்கும். எங்கள் மண் அதற்கும் ஒரு படி மேலே போய்க் காய்ந்திருந்தது. எல்லோருக்கும் இன்னொரு தேநீர் கொண்டுவரச் சொன்னேன். என் மனைவி அசையவில்லை. வாசல்நிலையில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லை சார், முடிக்க முடியாது" என்றாள் மருமகள். "அத்தை வழியில ஒரு வீட்டுலகூட நுழையலைன்னு வச்சாலும், மாமா கூடவேதான் வந்து சேர முடியும். மாமாவுக்கு முன்னாடி எப்படி வருவாங்க? கிளம்பறதுக்கு முன்னாடியே கடைத்தெருவுல நின்னாத்தான் உண்டு." என் பக்கம் திரும்பினாள். "மாமா, புது ஏசியில எல்லாம் அடைக்கிறாங்களே, அதே கேஸ்தான் இந்த நீலம். இங்க கிட்டத்துல எங்கயாவது ஏசி வேலை நடக்குதா?"

அந்த ரயில் நீளப் பெயரின் கடைசிப் பெட்டி அப்போதுதான் என் வாசலுக்கு வந்து நின்றது.

"நம்ம வீட்டுக்கு ஏசியே கிடையாது. அப்பா போட்ட சுவர், தானாவே குளுமையா இருக்கும்" என்றேன். அது உண்மை. அவள் கேட்டது அதுவல்ல என்பதும் உண்மை.

ஆகட்டும் வானத்தைப் பார்த்தார். அங்கே அவருக்கு ஒரு மேகம் கிடைத்தது. அதை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ கருவியிலதான் ஏதோ கோளாறு" என்று மருமகள் குழாயைக் கழற்ற ஆரம்பித்தாள். "சாயங்காலம் பெட்டியைக் கொடுத்தாகணும். மழை முடிஞ்சுதான் மறுபடி வர முடியும் மாமா. அதுவரைக்கும் சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்லை."

"நான் காய்ஞ்சதுன்னே வச்சுக்கறேன்" என்றார் ஆகட்டும், மேகத்திடம்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன் சார். அந்த கேஸ் வெளியிலேர்ந்து உள்ளே வந்திருந்தா அது இன்னும் மோசம். பம்ப் உறிஞ்சறது கொஞ்சம்தான். அதுக்கே வெளிக் காத்து இவ்வளவு சீக்கிரம் குழாய்க்கு வந்துதுன்னா, சரிவு அடிப்பக்கம் உள்ளுக்குள்ள பிளந்திருக்குன்னு அர்த்தம். கீழே யாரும் இல்லாததால பரவாயில்லை."

கீழே யாரும் இல்லை. அதைச் சொன்னது நான்தான். பல இடங்களில், பல உறவினர்களிடம், அழகாகச் சொல்லியிருக்கிறேன். காது கொடுத்துக் கேட்டேன். கீழே ஒரு சத்தமும் இல்லை. மெஷின் ஓடவில்லை. நான் கேட்டது கேட்டபடி நடந்திருந்தது. மெஷின் ஓடாவிட்டால் ஏசிக்குள் இருக்கிற வாயு எங்கே போகும் என்பதைத்தான் மாப்பிள்ளை முந்தினநாள் சொல்ல வந்தார். நான் அதை முடிக்கவிடவில்லை. அந்தச் சுவர் ஞாபகம் வந்தது. கை வைத்தால் நனைகிற சுவர். அதை ஒட்டித்தான் என் மகள் தலை வைத்துப் படுக்கிறாள்.

"ஏங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் என் மனைவி.

இந்த வீட்டில் அறிவிப்புகளைச் செய்வது நான். அப்பா காலத்திலிருந்து குடும்பத் தலைவர்தான் செய்வார். எங்கள் வீட்டு விஷயத்தை வேறொருவர் வாயால் கேட்கும் நிலைமையை நான் ஏற்படுத்த முடியாது. எழுந்து நின்றேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"என் மாப்பிள்ளை ஏசி ரிப்பேர் பண்றவர்" என்றேன். "கீழே கொட்டகையில இருக்கார். என் மகளும் அங்கதான் இருக்கா. சத்தம் வரக் கூடாதுன்னு நான்தான் உத்தரவு போட்டேன். அதனால கேஸைச் சத்தமில்லாம வெளியே விட்டிருப்பார்."

மருமகள் கையில் பாதி கழன்ற குழாயோடு என்னைப் பார்த்தாள். பம்ப் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"ஆகட்டும் ஐயா" என்றார் ஆகட்டும். அந்த வார்த்தையை அவர் அர்த்தத்தோடு சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

கட்டைச்சுவர் ஓரம் போனேன். காற்றைக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. அது அன்றைக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு வேலை செய்திருந்தது.

"மாப்பிள்ளே!"

நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை என்பதால், மேடு சரிந்துவிட்டது என்று நினைத்து இருவரும் வெளியே ஓடிவந்தார்கள். சந்தில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். வழக்கம்போல் கழுத்தை வளைத்துத்தான்.

"ரெண்டு பேரும் மேலே வாங்க. கேஸ் விடற வால்வை மூடிட்டு வாங்க. கொட்டகைக்குள்ள நிக்காதீங்க, எதையும் எடுக்காதீங்க, வாங்க."

மாப்பிள்ளை கை நிறைய எண்ணெய்க் கறையோடு படியேறி வந்தார். முன்வாசல் வழியாக அவர் வந்தது அன்றுதான். கால்மிதியில் நெடுநேரம் காலைத் துடைத்துக்கொண்டு நின்றார். பின்னால் மகள். மருமகள் குழாயைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா! வெளிநாட்டுலேர்ந்து எப்போ வந்தே?"

"இப்பத்தான். படியேறி" என்றாள் என் மகள்.

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அழுவதற்கு என்று நினைத்தேன். உள்ளேயிருந்து வந்த சத்தம் சிரிப்பு.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "மெஷின் போட்டாக் கத்தும் மாமா. அதான் வால்வைக் கொஞ்சமாத் திறந்து, சத்தமில்லாம விட்டேன். அப்படி வெளியே விடக் கூடாதுதான். கனமான கேஸ், தரையோடதான் கிடக்கும், மேலே வராதுன்னு நினைச்சேன்."

"யார் வீட்டு ஏசி?" என்றேன், அவரைப் பார்த்தே.

அவர் ஆகட்டும் பக்கம் பார்த்தார். ஆகட்டும் மறுபடி மேகத்தைத் தேடினார். அது கலைந்துபோயிருந்தது.

"என் ஆபீஸ்து ஐயா" என்றார். "இன்னைக்கு வேணும்னு நான்தான் அவசரப்படுத்தினேன். தம்பி கை வச்சா ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை."

நகராட்சியைக் குளிர்விக்க வேண்டிய காற்று, தரையோடு தவழ்ந்து, எங்கள் மேட்டின் விரிசலுக்குள் புகுந்து, மேடு காய்ந்திருக்கிறது என்று பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறது. அரசாங்கத்துக் காற்று அல்லவா, அனுபவம் பேசியிருக்கிறது. ஊரில் எத்தனை பேருக்கு என் மாப்பிள்ளையைத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஆகட்டும் முகத்தைப் பார்த்தால், தெரியாதவர்களை எண்ணுவதுதான் சுலபம் என்று தோன்றியது. இத்தனை நாளாக வெளிநாடு வெளிநாடு என்று நான் சொன்னதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிய அத்தனை பேரும் என் மாப்பிள்ளையிடம் ஏசியை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். மரியாதை தெரிந்த ஊர்.

மருமகள் நேரத்தை வீணாக்கவில்லை. கொட்டகைக் கதவுகளைத் திறந்துவைத்து, மாப்பிள்ளையின் பெரிய மின்விசிறியை வைத்து அடிவாரத்துக் காற்றை விரட்டச் சொன்னாள். விரிசல்களின் வாயை ஈரக் களிமண்ணால் அடைத்தார்கள். பம்பை ஓடவிட்டு, நீலக் கோடு தரையில் படுக்கும்வரை காத்திருந்தாள். பிறகு மறுபடி இரண்டையும் மேல் குழாயில் விட்டாள்.

இந்தத் தடவை சிவப்பு ஒழுங்காக வந்து சேர்ந்தது. நீலம் வரவில்லை. தேநீர் குடித்தோம்; வரவில்லை. மதியச் சாப்பாட்டை ஆறு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். மாப்பிள்ளை எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தார். அப்போதும் வரவில்லை.

"அத்தை எந்த வீட்டுல உட்கார்ந்துட்டாங்களோ" என்றாள் என் மகள்.

"எல்லா வீட்டுலயும்" என்றாள் மருமகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெயில் சாய்ந்தபிறகு நீலக் கோடு, மனமே இல்லாமல் எழுந்தது. அவள் ஒரே ஒருமுறைதான் கணக்குப் போட்டாள்.

"மண்ணுக்கு நடுவுல இருக்கற இடத்துல பாதிக்கு மேல தண்ணி மாமா. இது மழைத் தண்ணி மட்டும் இல்லை. மழை வந்து ரொம்ப நாளாச்சு. உள்ளேயே எங்கேயோ ஒழுகுது."

"குளியலறைத் தண்ணி எங்க போகுதுன்னு என்னைக்காவது யாராவது பார்த்திருக்கோமா?" என்றாள் என் மனைவி.

பார்த்ததில்லை. யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் அப்பா அதை மூடினார். மேட்டு வீட்டுச் சாக்கடை விருந்தாளிகள் கண்ணில் படுவதா என்று, வடிகால் முழுவதையும் மண்ணுக்கடியில் புதைத்துவிட்டார். அது எங்கே உடைந்தது, எத்தனை காலமாக உள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது என்று மேட்டுக்குத்தான் தெரியும். மேடு எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தது. அது வாயைத் திறக்கவில்லை.

"ஆகட்டும்" என்று பெருமூச்சு விட்டார் ஆகட்டும். வேலை அவர் தலையில் மறுபடி ஏறியிருந்தது.

அன்று என் மகளும் மாப்பிள்ளையும் கீழே தூங்கவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு நாங்களும் மேலே தூங்கவில்லை. கடைத்தெருவில், கீழே கடையும் மேலே மூன்று அறைகளும் உள்ள ஓர் இடத்தை மாப்பிள்ளை பார்த்துவைத்திருந்தார். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். சுவர் வியர்க்க ஆரம்பித்தபோதே என்றார். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

முதல் பெருமழையில் மேடு இறங்கியது. பட்டப்பகலில், கூச்சல் போடாமல், ஒரு பெரிய மனிதர் நாற்காலியில் சாய்வதுபோல் சாய்ந்து, கொட்டகையை முழுசாக மடியில் வாங்கிக்கொண்டது. எங்கள் முன்னறையில் பாதியும் கூடப் போயிற்று. உள்ளே யாரும் இல்லை. ஆகட்டும் குடையோடு வந்து, "நல்ல வேளை ஐயா" என்றார். "வேளை இல்லை. கணக்கு" என்றேன். மருமகளின் கணக்கைத்தான் சொன்னேன். அவர் எதை நினைத்தாரோ, என் கையைப் பிடித்துக்கொண்டார். பொது இடத்தில் அப்படிச் செய்வது எனக்குப் பிடிக்காது. கொஞ்ச நேரம் கழித்து விடுவித்துக்கொண்டேன்.

கடைக்குப் பலகை எழுதினார்கள். எழுத்துக்காரர் 'ஏசி ரிப்பேர்' என்று மட்டும் எழுதி, அதுவும் வலப்பக்கம் சரிவாக எழுதியிருந்தார். எங்கள் குடும்பத்தில் சரிந்தது போதும் என்று அழிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று நேராக எழுதவைத்தேன். மேலே 'மேட்டு வீட்டார்' என்றும் எழுதச் சொன்னேன். மேடு இல்லாவிட்டாலும் நாங்கள் இருக்கிறோம். மாப்பிள்ளை பலகையை மாட்டிவிட்டு, சந்து வழியாகப் போகிறவர்போல் உள்ளே போய்விட்டார்.

இப்போது நான் அவருக்கு மேல்தளத்தில் இருக்கிறேன். மதியம் கண்ணயரும் நேரமாகப் பார்த்து அந்த மெஷினைப் போடுவார். கட்டிலின் கால் நடுங்கும், மேசைமேல் கண்ணாடி நகரும். உறவினர்கள் வந்தால், "அது என்ன சத்தம்?" என்று கேட்பார்கள்.

"கேஸ் பிடிக்கிற மெஷின். ஓடாட்டித்தான் பயப்படணும்" என்பேன்.

"யாரோடது?" என்று அடுத்துக் கேட்டால், "என் மாப்பிள்ளையோடது" என்பேன். கேட்காதவர்களிடம் நானாகச் சொல்வதில்லை. அதற்குத்தான் பலகை இருக்கிறது.